முதுசம் யாரைச் சேரும்?
தேசவழமையும் நியூசிலாந்துச் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தை விட்டு வெளியேறிய நம்மவரிற் பலர், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு இன்னொன்றையும் தவறாது எடுத்து வந்தனர். அதுதான் காணி உறுதி. முகாம்களிலும் விமான நிலையங்களிலும் பொலித்தீன் உறையினுள் பாதுகாக்கப்பட்டு வந்த அப்பழுப்பேறிய தாள்கள் இன்று ஒக்லாந்தில், மவுண்ட் றொஸ்கிலிலும் சாண்ட்றிங்ஹாமிலும் அலுமாரிகளுள் உறங்குகின்றன. ஆனால் அவற்றிற் கண்ட காணி யாரைச் சேரும் என்ற கேள்வி உறங்குவதில்லை. கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நம்மவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை: ஊர்க்காணி யாருக்கு? இங்கே வாங்கிய வீடு யாருக்கு? மனைவிக்கு என்ன பங்கு? மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அரசாங்கம் எடுத்துவிடுமா?

இக்கேள்விகளுக்கு ஒரே விடை இல்லை. ஏனெனில் நாம் ஒரே வேளையில் இரண்டு சட்ட மரபுகளின் கீழ் வாழ்கின்றோம். ஒன்று நாம் பிறந்த மண்ணின் மரபு. மற்றையது நாம் புகலடைந்த மண்ணின் மரபு. அசையாச் சொத்துக்கு அது கிடக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும் என்பது உலகெங்கும் பெரும்பாலும் ஏற்கப்பட்ட விதி. எனவே சாவகச்சேரியிலுள்ள வளவுக்கு ஒரு சட்டம், ஒக்லாந்திலுள்ள வீட்டுக்கு இன்னொரு சட்டம். இவ்விரண்டும் எவ்வாறு உருவாயின என்பதை அறிந்தாலன்றி, அவை நம் குடும்பங்களை எங்கே கொண்டு சென்று நிறுத்தும் என்பதை அறிய இயலாது.

ஒல்லாந்தர் எழுதுவித்த வழமை

யாழ்ப்பாணத்தை 1619 இல் போர்த்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். எழுதப்படாது வாய்வழியே வழங்கிவந்த நமது வழமைகள் ஒல்லாந்தர் காலத்திலேயே முதன்முறையாக நூலுருப் பெற்றன. ஆள்பதி கோர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் 1706 இல் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் வழமைகளைத் திரட்டி 1707 சனவரியில் கையளித்தார். யான் பிருஸ் என்பவர் அதனைத் தமிழில் மொழிபெயர்க்க, பன்னிரு முதலியார்கள் படித்துப் பார்த்து, இவை எமது வழமைகளே என ஒப்பமிட்டனர். அத்தொகுப்பே தேசவழமை.

வணிகக் கம்பனி ஒன்று நமது வழமைகளை ஏன் திரட்டியது? நீதிமன்றங்களில் காணி வழக்கும் சீதன வழக்கும் குவிந்தன. தீர்ப்பளிக்க நிலையான விதி தேவைப்பட்டது. ஆட்சி வசதிக்காகச் செய்யப்பட்ட அவ்வேலையே பின்னர் நமது தனிச்சட்டத்தின் அத்திவாரமாயிற்று. ஆங்கிலேயரும் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினால் அதனை முழுவலுவுடன் ஏற்றுக்கொண்டனர்.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பகுக்கின்றது. பெற்றோர் வழியாகவும் மூதாதையர் வழியாகவும் வருவது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம். கணவனும் மனைவியும் மணவாழ்வின்போது தேடிக்கொள்வது தேடியதேட்டம். ஆதியில் கணவனது சொத்து ஆண்மக்களுக்கும், மனைவியின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்றும், போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வொழுங்கு மாறிப் பெற்றோர் எச்சொத்திலிருந்தும் சீதனம் கொடுக்கலாயினர் என்றும் அத்தொகுப்பே கூறுகின்றது. சீதனம் பெற்ற மகள், சகோதரர் இருக்கையில், அச்சீதனத்தோடு நிறைவுகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. தாய்வழிச் சொத்து பெண்களைச் சேர்ந்த இவ்வமைப்பில் மலையாளக் கரையின் மருமக்கட்டாயச் சாயல் உண்டென அறிஞர் சிலர் கருதுவர்.

இச்சட்டத்தின் உள்ளெண்ணம் யாது? சொத்து ஒரு மனிதனுக்கு உரியதன்று. அது குடிக்கு உரியது. அவன் அதனைச் சிலகாலம் வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பவன். எனவேதான் பழைய தேசவழமையில் மரணசாசனத்துக்கு இடமில்லை. தான் விரும்பியவருக்கு எழுதிவைக்கும் முழுச் சுதந்திரம் ஆங்கிலேயரின் 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோடு வந்தது. காணியை அந்நியருக்கு விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவித்தல் வேண்டும் என்ற முற்கொள்வனவு உரிமையும் இதே எண்ணத்தில் எழுந்ததாகும்.

இங்கே ஒன்றை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. 1707 ஆம் ஆண்டுத் தொகுப்பு காணியையும் நகையையும் மட்டும் பேசவில்லை. அடிமைகளைப் பற்றியும் பேசுகின்றது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என மனிதரை வகுத்து, அவரை உடைமையாக வைத்து விதி சொல்கின்றது. ஒரு குடும்பத்தின் முதுசத்துள் இன்னொரு குடும்பத்தின் உயிர்கள் அடங்கியிருந்தன. இலங்கையில் அடிமைமுறை 1844 இல் 20 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. முன்னோரின் வழமை என்பதனால் மட்டும் யாவும் போற்றத்தக்கவை ஆகா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

1911 உம் 1947 உம்

இன்று நமது ஊர்க்காணிகளை ஆள்வது 1707 ஆம் ஆண்டு நூல் மட்டுமன்று. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமும், 1947 இல் அதற்கு வந்த திருத்தமும் முக்கியமானவை. முற்கொள்வனவுக்கு 1947 இல் தனிக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. அவ்வுரிமை பங்காளருக்கும் உரித்தாளராகக் கூடியவருக்கும் மட்டுப்படுத்தப்பட்டது.

1911 ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண்ணின் சொத்து அவளது தனிச்சொத்தே என்றது. ஆயினும் உயிரோடிருக்கும்போது அவள் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூல இணக்கம் வேண்டும் என்றும் வைத்தது. மனைவியின் இணக்கம் கணவனுக்குத் தேவையில்லை. பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாக இதனைக் கண்டித்து வருகின்றன. எனினும் அச்சட்டத்திலேயே ஒரு வாயிலும் உண்டு. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், நீண்ட சிறையிலிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், அல்லது நியாயமின்றி இணங்க மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். போரிலே கணவரைத் தொலைத்த சகோதரிகள் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். மரணசாசனத்தால் தன் சொத்தைக் கொடுப்பதற்கு அவளுக்குக் கணவனின் இணக்கம் தேவையில்லை.

மரணசாசனமின்றி ஒருவர் இறந்தால், தேடியதேட்டத்திற் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும், மறுபாதி இறந்தவரின் உரித்தாளருக்கும் செல்லும். முதுசமோ பிள்ளைகளுக்குச் செல்லும். பிள்ளைகள் இருக்கும்வரை மனைவிக்கு அதிற் பங்கில்லை. பிள்ளைகளும் இல்லையெனின் தந்தைவழி வந்தது தந்தைவழிக்கும், தாய்வழி வந்தது தாய்வழிக்கும் திரும்பும் என்பதே அடிப்படை.

தேசவழமை எல்லாத் தமிழருக்கும் உரியதன்று என்பதும் நினைவிருக்கட்டும். வடமாகாணத்தை வாழ்விடமாகக் கொண்ட தமிழருக்கே அது பொருந்தும். மட்டக்களப்புத் தமிழருக்கும் மலையகத் தமிழருக்கும் பொதுச் சட்டமே. தேசவழமைக்கு உட்பட்ட பெண், உட்படாத ஒருவரை மணந்தால், அம்மணம் நீடிக்கும்வரை அவளை அது ஆளாது. உட்படாத பெண் உட்பட்டவரை மணந்தால், அம்மணம் நீடிக்கும்வரை அவளை அது ஆளும். ஊரை நிரந்தரமாக விட்டவர் இன்னும் யாழ்ப்பாண வாசியா என்ற வினாவும் உண்டு. கொழும்பிலே குடியேறியவர்களைப் பற்றி இலங்கை நீதிமன்றங்கள் இதனைப் பலமுறை ஆராய்ந்துள்ளன. வினா சிறிதாகத் தோன்றலாம், விளைவு பெரிது. தேசவழமை பொருந்தாதெனின், 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பொதுக் கட்டளைச்சட்டப்படி, இறந்தவரின் சொத்திற் பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. அதாவது, கணவனின் முதுசத்தில் விதவைக்கு ஒன்றுமில்லையா, பாதியா என்பது அவ்வொரு வினாவிலேயே தங்கியுள்ளது.

புகலிட மண்ணின் கதை

நியூசிலாந்தின் சட்டம் ஆங்கிலேய மரபில் வந்தது. ஆங்கிலேய மரபோ தேசவழமைக்கு நேரெதிரானது. சொத்துடையவன் தன் விருப்பப்படி யாருக்கும் எழுதலாம். மனைவி மக்களை வெறுங்கையோடு விட்டாலும் நீதிமன்றம் தலையிடாது என்பதே அக்காலத்து நிலை. மணமான பெண்கள் தம் பெயரிற் சொத்து வைத்திருக்கும் உரிமையை 1884 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. 1893 இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அதன்பின் 1900 ஆம் ஆண்டில் இச்சிறிய நாடு, ஆங்கிலேய மரபு வழங்கிய வேறெந்த நாடும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. போதிய பராமரிப்பின்றி விடப்பட்ட மனைவியும் கணவனும் பிள்ளைகளும் நீதிமன்றத்தை அணுகினால், மரணசாசனத்தையும் மீறி அவர்களுக்குப் பங்கு வழங்கலாம் எனச் சட்டம் இயற்றிற்று. இங்கிலாந்து இதனைப் பின்பற்ற 1938 வரை சென்றது. அதன் வழிவந்ததே 1955 ஆம் ஆண்டுக் குடும்பப் பாதுகாப்புச் சட்டம். வளர்ந்த பிள்ளைகளும் அதன்கீழ் வழக்கிடலாம். மணவாழ்வில் தேடியதைச் சமமாகப் பங்கிடும் சட்டம் 1976 இல் வந்தது; மணமின்றிச் சேர்ந்து வாழ்வோருக்கும் அது 2002 முதல் விரிந்தது. இதன் கருத்து நமது தேடியதேட்டத்துக்கு அயலானதன்று என்பதை வாசகர் உணர்வர்.

இந்த மண்ணுக்கும் ஆங்கிலேயர் வருமுன் ஒரு வழமை இருந்தது. மாவோரி மக்களின் காணி குலத்துக்கும் கூட்டத்துக்கும் பொதுவானது. 1865 இல் அமைந்த சுதேசக் காணி நீதிமன்றம் அதனைத் தனியாட்களின் பெயருக்கு மாற்றிற்று. 1867 இல் ஒக்லாந்தின் பப்பாக்குராக் காணி வழக்கில், தலைமை நீதிபதி பென்ரன், காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகச் செல்லும் எனத் தீர்த்தார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றிய அத்தீர்ப்பினால், தலைமுறைக்குத் தலைமுறை காணி துண்டாகி, எவருக்கும் பயன்படாத பங்குகளாயிற்று; விற்பனைக்கும் வழி திறந்தது. 1993 ஆம் ஆண்டின் மாவோரிக் காணிச் சட்டம், காணி இனசனத்தின் கையிலேயே நிற்க வேண்டும் என்று, உறவினருக்கு முதலுரிமை வழங்குகின்றது. நமது முற்கொள்வனவு உரிமையை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒல்லாந்தர் நமது வழமையை எழுதிவைத்தனர். ஆங்கிலேயர் மாவோரியரின் வழமையைக் கலைத்தனர். இரு மக்களும் காணியைப் பற்றிக் கொண்ட எண்ணம் ஒன்றையொன்று ஒத்ததே.

ஒரு குடும்பம், இரு சட்டங்கள்

இவை நடைமுறையில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். மனைவியும் மகனும் மகளும் உள்ள ஒருவர் மரணசாசனம் எழுதாமல் ஒக்லாந்தில் இறக்கின்றார். கடன்கள் தீர்ந்தபின் அவர் பெயரில் இங்கே 4,55,000 டொலர் பெறுமதியான சொத்தும், கொடிகாமத்தில் தந்தைவழி வந்த எட்டுப் பரப்புக் காணியும் எஞ்சுகின்றன.

நியூசிலாந்தின் 1969 ஆம் ஆண்டு மரணச்சொத்து நிர்வாகச் சட்டப்படி, வீட்டுப் பாவனைப் பொருள்கள் மனைவிக்கு. அதோடு, 2009 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி நிர்ணயித்த 1,55,000 டொலரும் அவருக்கு. மிகுதி 3,00,000 இல் மூன்றிலொன்றும் அவருக்கே. ஆக மனைவிக்கு 2,55,000; பிள்ளைகளுக்குத் தலைக்கு 1,00,000. மகன், மகள் என்ற பேதமில்லை. கொடிகாமக் காணிக்கோ, தேசவழமை பொருந்துமாயின், மனைவிக்குப் பங்கில்லை. பிள்ளைகளுக்குத் தலைக்கு நான்கு பரப்பு. ஒரே மனிதரின் மரணம், ஒரே விதவை. ஒரு நாட்டில் முதலுரிமை அவருக்கு. மற்றைய நாட்டில் ஒன்றுமில்லை. தேசவழமை குடியைக் காத்தது. நியூசிலாந்துச் சட்டம் உயிரோடு எஞ்சிய வீட்டாரைக் காக்கின்றது. இரண்டிலும் நியாயம் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாதிருப்பதே ஆபத்து.

கணவனும் மனைவியும் வீட்டைக் கூட்டுரிமையாகப் பதிந்திருந்தால், ஒருவர் இறந்ததும் வீடு மற்றவரைச் சேரும். மரணசாசனத்துக்கு அங்கே வேலையில்லை. தனித்தனிப் பங்குகளாகப் பதிந்திருந்தால் அவ்வாறன்று. அரசாங்கம் எடுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. துணை, பிள்ளைகள், பெற்றோர், சகோதரர், பேரர்வழி உறவினர், மாமன் அத்தை முதலியோர் எவருமே இல்லாதபோதுதான் சொத்து அரசைச் சேரும். மரணச்சொத்து வரியும் இந்நாட்டில் 1992 இல் நீக்கப்பட்டுவிட்டது.

காணாமற்போனோர் சொத்து

நம்மவரின் துயரங்களுள் ஆறாதது, காணாமற்போனோர் துயரம். இறந்தார் என்று சொல்ல மனம் வராது. சான்றிதழின்றிக் காணி கைக்கு வராது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனோருக்கு மரணப் பதிவு செய்ய வழிவகுத்தது. மரணச் சான்றிதழ் கேட்பது உறவைத் தாமே கொன்றதற்குச் சமம் எனத் தாய்மாரும் மனைவியரும் மறுத்தனர். 2016 இல் வந்த திருத்தம், காணப்படாமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றை ஏற்படுத்திற்று. இறந்தார் என்று சொல்லாமலே சொத்தைப் பராமரிக்க அது உதவுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாது கையொப்பமிடுவோர் உளர். ஆதலின் இதனை இங்கே குறிக்கின்றோம்.

ஆட்சியுரிமை பற்றியும் ஒரு சொல். 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி, உரியவரின் உரிமையை மறுத்து ஒருவர் பத்தாண்டுகள் தடையின்றி ஆண்டால் காணி அவருக்காகலாம். போரினால் இடம்பெயர்ந்தோருக்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. அதுவும் காலவரையறைக்கு உட்பட்ட சலுகையே. ஊர்க்காணியை நம்பிக்கையானவர் பொறுப்பில் எழுத்துமூலம் விட்டு, வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டைப் பேணுதல் நன்று.

செய்யத்தக்கவை

நியூசிலாந்தின் 2007 ஆம் ஆண்டு மரணசாசனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பியவர், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, அவர்களும் கையொப்பமிட்டால் போதும். பயன்பெறுபவரோ அவரது துணையோ சாட்சியாக நின்றால் அவருக்கான கொடை பெரும்பாலும் செல்லாது. இலங்கையிலோ 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையெனின் ஐந்து சாட்சிகள் வேண்டும். ஆகவே ஊர்க்காணிக்குத் தனிச் சாசனம் எழுதுவதே நலமென்பர். அப்போது ஒரு சிறு வாசகத்தைக் கவனிக்க வேண்டும். "முன்னர் எழுதிய சாசனங்கள் யாவற்றையும் இரத்துச் செய்கின்றேன்" என்று வழக்கம்போல் எழுதினால், இங்கே எழுதியது அங்கே எழுதியதை அழித்துவிடும்.

மணம் செய்தால், அம்மணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதன்றி, முன்னைய சாசனம் நீங்கும். பிரிந்து வாழ்ந்தும் சட்டப்படி விலகாதோர் பழைய சாசனத்தை மறந்திருத்தல் கூடாது. இந்நாட்டில் உறவினரற்ற இளம் பெற்றோர், தமக்குப்பின் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார் என்பதை 2004 ஆம் ஆண்டுப் பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ்ச் சாசனத்திலேயே குறிப்பிடலாம். காணியும் வீடும் இல்லாதவருக்குக்கூட மரணசாசனம் தேவைப்படுவது இதனாலேயே. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றோர், இலங்கையின் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் அதன் விதிவிலக்குகளையும் பற்றி ஊரிலுள்ள சட்டத்தரணியிடம் விசாரித்துக்கொள்ளல் வேண்டும். இங்கே செலவுக்கு அஞ்சுவோருக்குச் சமூகச் சட்ட நிலையங்கள் இலவச ஆலோசனை வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கமில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பன்னிரு முதலியார்கள் நமது வழமைகளுக்கு ஒப்பமிட்டனர். அவருள் ஒருவரேனும் பெண்ணல்லர். அடிமைப்பட்டோர் எவரையும் எவரும் கேட்கவில்லை. இன்று நமது சொத்துக்கு விதி எழுதும் பொறுப்பு ஒவ்வொரு வீட்டிலும் உள்ள தாயிடமும் தந்தையிடமும் வந்துள்ளது. ஆதலின், அலுமாரியிலுள்ள உறுதியை எடுத்துப் பிள்ளைகள் முன் விரித்து, எந்தக் காணி யார்வழி வந்தது, அதன் எல்லையில் யார் இருந்தனர், எவருக்கு என்ன சொல்லிவைத்தோம் என்பவற்றைச் சொல்லிக் கொடுங்கள். சொன்னதை எழுதியும் வையுங்கள். எழுதாது விட்ட சொல்லுக்காக உடன்பிறந்தோர் நீதிமன்றப் படியேறுவதைக் காட்டிலும், உயிரோடிருக்கையில் ஒருநாள் மனங்கசந்து பேசித் தீர்ப்பது மேலானது.